கற்களைக் கழுவிக் கொடுத்தவர்

அந்த அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் அவளுடைய உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் துறைத் தலைவர் வரை எல்லோருக்கும் அவள் 'சல்லடை'. வயதில் சிறியவர்கள் மரியாதைக்கு 'சல்லடை அக்கா' என்பார்கள். இருபத்து மூன்று வருடம் சல்லடையும் கையுமாக நின்றவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. "வாளின்னு கூப்பிடாம விட்டாங்களே, அதுவே பெரிசு" என்பாள்.

மலைகளிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த சுண்ணாம்புக் கற்களைக் கோழிமுட்டை அளவுக்கு உடைப்பாள். பிளாஸ்டிக் வாளிகளில் போட்டு அமிலம் ஊற்றுவாள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான், வீரியம் கொஞ்சம் கூட. ஒரு வாரம், பத்து நாள் என்று கல் தன்பாட்டில் கரையும். கல் கரைந்தாலும் உள்ளே இருக்கும் சில ஓடுகள் கரையாது. அடியில் தங்கிய வண்டலை அலசி, சலித்து, காயவைத்து நுண்ணோக்கியின் கீழே பரப்பினால், ஆயிரம் துணுக்குகளுக்கு நடுவே ஒன்றிரண்டு ஓடு கண்ணில் படும். ஒவ்வொன்றும் அரைக் கடுகு இருந்தால் அதிகம். நுனியில் நாலு மயிர் மட்டும் உள்ள தூரிகையை ஈரமாக்கி, மூச்சை அடக்கித் தொட்டெடுத்து, கட்டம் போட்ட கறுப்பு அட்டையில் ஒட்ட வேண்டும். ஐம்பது கோடி வருடத்துக்கும் முந்தைய கடலில், முதன்முதலாக உடம்புக்கு ஓடு கட்டிக்கொண்ட பிராணிகளின் மிச்சம் அது. ஒரு தும்மல் வந்தால் போச்சு, துடைப்பத்தோடு வெளியே போய்விடும். அதனால் ஜலதோஷம் பிடித்த நாட்களில் அவள் வாளி மட்டும் கழுவுவாள்.

அந்த ஓடுகளை இனம் பிரித்து, பெயர் சூட்டி, இழுப்பறைகளில் அடுக்கி வைத்தது அவளுக்கு முன்னால் இருந்த ஒரு பழைய தலைவர். அவர் வைத்த பெயர்கள் நாக்கு சுளுக்கும் நீளம். கீழ்த்தளத்தில் அவற்றுக்குச் செல்லப்பெயர்கள் உண்டு. வளைந்து கூராக இருப்பது கொக்கி. நடுவில் குழிந்து இரண்டு பக்கமும் தூக்கியிருப்பது சேணம். தட்டையாக இருப்பது செதில். மூன்றும் மூன்று வெவ்வேறு பிராணிகள் என்று முப்பது வருடமாக மூன்று இழுப்பறைகளில் கிடந்தன.

அவளுடைய தம்பி அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஆராய்ச்சியாளன். எட்டு வயது இளையவன், முனைவர் பட்டம் வாங்கியவன். கல்லூரியில் என்ன பாடம் எடுப்பது என்று அவன் முழித்த காலத்தில், "வந்து இதப் பாரு" என்று நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னது அவள்தான். வீடும் ஒன்றுதான். கீழ்வீட்டில் அவளும் கணவரும், மேல்வீட்டில் தம்பியும் அவன் மனைவியும் அம்மாவும். மதியம் ஒரு மணி ஆனால் தம்பி சாப்பாட்டு டப்பாவோடு இறங்கி வருவான். அமில நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டே அக்காவின் டப்பாவில் கைவைப்பான். தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பது பழமொழி. அவளுக்குப் படையோடு என்ன வேலை? ஆனால் தம்பி மாடியில் இருக்கிறான் என்பதில் ஒரு தெம்பு இருந்தது.

அவள் கணவர் பல்செட் செய்பவர். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் கட்டி அனுப்புவார். வீட்டின் முன்னறையில் அவருடைய மேசை. அதில் பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள் வரிசையாக வாய் பிளந்து நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து அவள் தன் நோட்டில் ஓடுகளை வரைந்துகொண்டிருந்தாள். அவர் மெழுகு சுரண்டும் கத்தியோடு எட்டிப் பார்த்தார்.

"இது மூணும் ஒரே ஆளோடதா?"

"இல்லங்க. மூணும் வேற வேற. தனித்தனியா பேரு இருக்கு."

"பேரு இருந்தா ஆச்சா? ஒருத்தன் வாயில இருக்கற பல்ல எல்லாம் புடுங்கி மணல்ல கொட்டு. வாயையே பார்க்காத ஒருத்தன்கிட்ட பொறுக்கச் சொல்லு. முன்பல்லு ஒரு மிருகம்பான், கோரைப்பல்லு இன்னொரு மிருகம்பான், கடவாப்பல்லப் பார்த்தா யானைக்குட்டின்னே எழுதிடுவான்." கத்தி முனையால் இரண்டு சேணங்களைத் தொட்டுக் காட்டினார். "இது இடது. இது வலது. ஒரே உடம்புல இல்லாட்டி இதுக்கு எதுக்கு இடது வலது?"

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பதினைந்து வருடமாகத் தினமும் தொட்டெடுத்த ஓடுகள். இடது வலது என்று ஒன்று இருப்பது அன்றுவரை அவள் கண்ணில் தைக்கவில்லை.

அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். ஆறு வருடம் எண்ணினாள். பொறுக்கும் ஓடுகளை அன்றன்று எழுதும் பதிவேட்டில் கொக்கி, சேணம், செதில் என்று இருந்த பத்திகளை இடது, வலது என்று இரண்டிரண்டாகப் பிரித்தாள். பதினோரு பாறை அடுக்குகளில் சேணம் இருந்த இடத்திலெல்லாம் மற்ற இரண்டும் இருந்தன. அது இல்லாத அடுக்கில் இரண்டும் இல்லை. இடதும் வலதும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. மூன்றின் மேல்பரப்பிலும் ஒரே மாதிரித் தேன்கூட்டுப் பின்னல். மூன்று பிராணி இல்லை. உடம்பெல்லாம் ஓடு போர்த்திய ஒரே பிராணி. முதுகில் செதில், பக்கத்தில் சேணம், ஓரத்தில் கொக்கி. அது எப்படி ஊர்ந்திருக்கும் என்றுகூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், தூரிகை முனையில் ஒரு துணுக்கு ஏறி வந்தது. ஒரு கொக்கியும் ஒரு சேணமும், விளிம்போடு விளிம்பு ஒட்டியபடி. ஐம்பது கோடி வருடமாகப் பிரியாமல் கிடந்த ஒரு ஜோடி. அதை அட்டையில் வைக்கவே பயந்து, அப்படியே கண்ணாடிக் கிண்ணத்தில் இறக்கிவிட்டு இரண்டு மாடி ஏறி ஓடினாள்.

தம்பி இறங்கி வந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் அவள் சொல்வாள்.

"அக்கா, நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குத் தெரியுதா?"

"தெரியுதுடா. அதான் கால் நிக்கல."

"யார்கிட்டயும் சொல்லாத. நான் எழுதறேன். உன் பேரு முதல்ல, என் பேரு ரெண்டாவது. நோட்டக் குடு, படமெல்லாம் சுத்தமா வரையச் சொல்றேன்."

நோட்டைக் கொடுத்தாள், கணவர் சொன்ன பல் கதையையும் சொன்னாள். ரசீதா கேட்பாள் கூடப் பிறந்தவனிடம்?

இரண்டு வருடம் போயிற்று. கேட்கும்போதெல்லாம், "பொறு அக்கா, அவசரப்பட்டா காரியம் கெட்டுடும்" என்றான். நடுவில் அவளே ஒரு தவறைக் கண்டுபிடித்தாள். நோட்டில் இருந்த சேணங்களில் நாலு, மின்நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்து வரைந்தவை. யாரோ பிலிமைத் திருப்பிப் போட்டு அச்செடுத்திருந்தார்கள். அதனால் நோட்டில் அந்த நாலு இடதும் வலது ஆகிவிட்டன. சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னாள். "ம்" என்று தலையாட்டியபடி அவன் டப்பாவை மூடினான். அவள் தன் திருப்திக்கு அந்த நாலு அட்டைகளின் பின்னாலும் பென்சிலால், 'இது இடது. நோட்டில் தவறு' என்று எழுதி வைத்தாள்.

பிறகு ஒருநாள் அருங்காட்சியக அரங்கில் தம்பியின் சொற்பொழிவு என்று அறிவிப்பு ஒட்டினார்கள். புதிய கண்டுபிடிப்பாம். தனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் சொல்லாமல் வைத்திருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நல்ல உடுப்பாக எடுத்து உடுத்தினாள். கணவரைப் பல் வேலையை மூடிவைக்கச் சொன்னாள். அம்மாவையும் தம்பி மனைவியையும் அழைத்துக்கொண்டு இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

திரையில் தலைப்பு வந்தது. கீழே இரண்டு பெயர்கள். ஒன்று தம்பி, மற்றது துறைத் தலைவர். மூன்றாவது பெயர் அடுத்த படத்தில் வரும் என்று காத்திருந்தாள். அடுத்த படத்தில் வந்தது அவள் வரைந்த பிராணி, வேறொருவர் கையால் அழகாக்கப்பட்டு.

"போன வருஷம் ஒரு பல் டாக்டர் நாற்காலியில வாயத் திறந்துட்டு உட்கார்ந்திருந்தேன்," என்றான் தம்பி. சபை சிரித்தது. "எதிர்ல ஒரு தாடை மாடல். அப்பதான் எனக்குத் தோணிச்சு. இந்தப் பல்ல எல்லாம் மணல்ல கொட்டினா, பொறுக்கறவன் எத்தனை மிருகம்னு எண்ணுவான்?"

கைதட்டல் எழுந்தது. அவள் கணவர் தட்டவில்லை. அவள் காதோரம் குனிந்தார்.

"இவன் எந்த டாக்டர்கிட்ட போனான்? இவனுக்குச் சொத்தைன்னு ஒரு பல்லு கிடையாதே."

கடைசிப் படத்தில் நன்றிகள். நிதி கொடுத்தவர்கள், படமெடுத்தவர்கள், பிறகு ஒரு வரி: 'கற்களைக் கழுவிக் கொடுத்த ஆய்வக ஊழியருக்கு.'

அம்மா பூரித்துப்போய்த் திரும்பினாள். "பாத்தியா, உன்னையும் மறக்காம சொல்லிட்டான்!"

அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து நின்று எல்லோரும் கைதட்டியபோது அவளும் எழுந்தாள். உட்கார்ந்தே இருந்தால் யாராவது பார்ப்பார்களே என்று.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்தவனை மாடிப்படியில் மறித்தாள்.

"என் பேரு எங்கடா?"

"அக்கா, நான் போடத்தான் பார்த்தேன். தலைவர் ஒத்துக்கல. பட்டம் இல்லாதவங்க பேரு முதல்ல இருந்தா கட்டுரையை யாரும் மதிக்க மாட்டாங்கன்னாரு."

"சரி. பல் டாக்டர் கதையும் தலைவரா சொல்லச் சொன்னாரு?"

படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றான்.

"நோட்டக் குடு."

"அறை மாத்தினப்ப எங்கயோ போயிடுச்சு. தேடறேன்." பிறகு குரலைத் தணித்தான். "அடுத்து ஒரு புது இனம் கிடைக்கட்டும். உன் பேர வைக்கறேன். சத்தியமா."

"செத்து அம்பது கோடி வருஷம் ஆனதுக்கு என் பேரு எதுக்கு? உயிரோட எதிர்ல நிக்கறவ பேர எழுத உனக்குக் கை வரலியே."

துறைத் தலைவரிடமும் போனாள். அவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "அக்கா தம்பி விஷயம். வீட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கறதுதான் அழகு" என்று கதவு வரை வந்து வழியனுப்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

வேலை நிற்கவில்லை. வாளிகள் நிரம்பின, கல் கரைந்தது. ஆனால் உட்கார்ந்து பொறுக்கும்போது கண் ஓட்டில் இருக்க, மனம் அந்த இரண்டு வருடத்தையும் சலித்துக்கொண்டிருந்தது. காய்ச்சலில் அவள் படுத்த வாரம் தினமும் மருந்து வாங்கி வந்தானே, அது பாசமா, நோட்டுக்குக் காவலா? 'இன்னிக்கு என்ன கிடைச்சுது?' என்று டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டானே, அது தம்பி கேட்டதா, கட்டுரை எழுதுபவன் கேட்டதா? ஓட்டையும் மணலையும் பிரிக்க அவளுக்குத் தெரியும். இதைப் பிரிக்க அவளால் முடியவில்லை. திருடியதுகூட ஒருநாள் ஆறிவிடலாம். பழைய நல்ல நாட்களையும் சந்தேகப்பட வைத்துவிட்டானே என்பதுதான் ஆறவில்லை.

அந்த நாட்களில் அவள் மனம்விட்டுப் பேசியது தம்பி மனைவியிடம் ஒருத்தியிடம்தான். சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அவள், "உங்களுக்கு நடந்தது அநியாயம், அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அது பெரிய ஆறுதலாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து, வேறொரு ஊரிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, குட்டையாக வெட்டிய முடி, எதையும் இரண்டு தடவை பார்க்கும் கண். அதே காலத்து ஓடுகளைப் பற்றி எழுதுபவர். கட்டுரையில் உள்ள ஓடுகளை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தம்பிதான் அவரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்து வந்தான். சல்லடை அட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் நுண்ணோக்கியில் பார்த்தார், கட்டுரையைப் பார்த்தார், மறுபடி நுண்ணோக்கி.

"படத்துல இது வலப்பக்கம் வளையுது. இங்க இடப்பக்கம் வளையுதே. நாலும் அப்படித்தான் இருக்கு. அப்போ நீங்க வரைஞ்ச பிராணிக்கு வலதுபக்கம் ரெண்டு வரிசை, இடதுபக்கம் ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுமே?"

"அச்சுப் பிழையா இருக்கும், மேடம்," என்றான் தம்பி.

அவர் அட்டையைத் திருப்பினார். பென்சில் எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். "'நோட்டில் தவறு.' இது யார் எழுதினது? எந்த நோட்டு?"

தம்பி அவளைப் பார்த்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, அம்மாவிடம் காட்டிக்கொடுக்காதே என்று கெஞ்சும் அதே பார்வை. எத்தனையோ தடவை அந்தப் பார்வைக்காக அடியை அவள் வாங்கிக்கொண்டிருக்கிறாள். 'நான்தான் தப்பா எழுதிட்டேன்' என்று சொன்னால் போதும். வாய்வரை வந்தது.

"என் நோட்டு, மேடம்," என்றாள். "படம் திரும்பினது தெரியாம நான் தப்பா வரைஞ்சுட்டேன். அப்புறம் கண்டுபிடிச்சு அட்டையில திருத்தினேன். நோட்டு என் கையில இல்லாததால அதுல திருத்த முடியல."

"உங்க நோட்டுல இருந்த தப்பு, இவங்க கட்டுரையில எப்படி வந்துது?"

அவள் அலமாரியைத் திறந்து ஆறு வருடப் பதிவேடுகளை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். தேதிவாரியாக, அவள் கையெழுத்தில், இடது, வலது, இடது, வலது. அந்தப் பெண்மணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். தம்பி எப்போது வெளியே போனான் என்பதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

அதன்பின் நடந்தவை எல்லாம் மெதுவாக நடந்தன. அந்தப் பெண்மணியின் கடிதம் ஆய்விதழுக்குப் போயிற்று, விசாரணைக் குழு உட்கார்ந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது, தம்பி சொன்னத நம்பினேன்" என்று தலைவர் கழன்றுகொண்டார். ஒரு வருடம் கழித்து ஆய்விதழில் அரைப்பக்கத் திருத்தம் வெளிவந்தது. இடதும் வலதும் சரிசெய்யப்பட்டன. ஆசிரியர் வரிசையில் அவள் பெயரும் சேர்க்கப்பட்டது, மூன்றாவதாக. பல் யோசனை யாருடையது என்பதற்கு எந்த இதழும் திருத்தம் போடவில்லை. கணவர் அந்த அரைப்பக்கத்தைப் படித்துவிட்டு, "மூணாவது பல்லும் பல்லுதான்" என்றார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மடித்து மேசையில் வைத்தார்.

தம்பி வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். அம்மாவும் அவனோடு கிளம்பினாள். போகும்போது கீழ்வீட்டு வாசலில் நின்று, "ஒரு நோட்டுக்காகக் கூடப் பிறந்தவன ஊர விட்டு ஓட்டிட்டியேடி" என்றாள். தம்பி வண்டியிலிருந்து இறங்கவே இல்லை.

தம்பி மனைவி மட்டும் உள்ளே வந்தாள். கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து அவள் கையில் வைத்தாள். முனை மடங்கிய, அமிலக் கறை படிந்த அந்த நோட்டு.

"தொலையல, அண்ணி. அவரோட சான்றிதழ் ஃபைலுக்கு அடியில இருந்துது. எனக்கு... முதல்லேர்ந்தே தெரியும்."

"முதல்லேர்ந்துன்னா?"

"சொற்பொழிவுக்கு முன்னாடிலேர்ந்து. அவர எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரல."

மொட்டை மாடியில் தன் கையைப் பிடித்த அந்தக் கை. அத்தனை சாயங்காலமும் அது தெரிந்துகொண்டேதான் பிடித்திருந்தது. 'பரவாயில்ல' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அதற்காகத்தான் நின்றாள். அவளால் சொல்ல முடியவில்லை. வெளியே ஹார்ன் சத்தம் கேட்டது. தம்பி மனைவி போய்விட்டாள்.

மேல்வீட்டுக்கு வேறு குடும்பம் வந்தது. கீழ்த்தளத்துக்கு உதவிக்கு ஒரு பெண்மணியை நியமித்தார்கள். கெட்டிக்காரி, நல்ல சுபாவம். அவள் பக்கத்தில் வந்தால் சல்லடை தன்னையறியாமல் பதிவேட்டின் மேல் முழங்கையை வைத்து மறைத்துக்கொள்வாள். பிறகு வெட்கப்பட்டுக் கையை எடுப்பாள். பூட்டே இல்லாமல் இருபது வருடம் கிடந்த இழுப்பறைக்கு இப்போது பூட்டு உண்டு. தான் இப்படி ஆகிவிட்டதற்காகவே தம்பிமேல் அவளுக்குக் கோபம் கூடிற்று.

அந்த மழைக்காலத்தில் புதிதாக ஒன்று கிடைத்தது. தொப்பி மாதிரி ஓர் ஓடு. இருக்கும் எந்த இழுப்பறையிலும் அதற்கு இடம் இல்லை. உதவிக்கு வந்தவளிடம் அவள் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நாள் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் மாலை மழைக்குக் குடையோடு கணவர் பேருந்து நிறுத்தத்துக்கு வந்திருந்தார்; இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்து வந்தார்கள்.

"என்னமோ ஒளிக்கிற," என்றார் கணவர்.

"ஆமாங்க. உங்ககிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன்."

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மனிதர் அன்று கேலி பேசவில்லை. குடையை அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்தார். "அப்ப சொல்லாத. தோணறப்ப சொல்லு. தோணலன்னாலும் ஒண்ணும் இல்ல."

தெருமுனை மருந்துக்கடை தாண்டியது, தையல்காரர் கடை தாண்டியது. வீட்டுச் சந்து திரும்பும் இடத்தில் அவள் நின்றாள்.

"அதுல துளை இருக்குங்க," என்றாள்.

"எத்தனை?"

"ஏழு. உச்சியில ஒண்ணு, சுத்தி ஆறு."

"உச்சில இருக்கறது பெரிசா, சின்னதா?"

அவள் ஈரக் காற்றில் விரலால் வரைந்து காட்டத் தொடங்கினாள்.